கூட்டுப் போர்வைக்கு உங்கள் முதற் சதுரம்: யாழ்ப்பாணத்தில் குறோசே குழுவில் புதிதாய்ச் சேர்பவர்களுக்கு

கூட்டுப் போர்வை என்றால் பலர் தத்தம் வீட்டிலிருந்து குறோசேயில், அதாவது நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியால், பின்னிக் கொண்டுவரும் சதுரங்களை ஓரிடத்தில் வைத்துப் பொருத்தி எடுப்பது. 15 செ.மீ சதுரம் 48 இருந்தால், அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8 என்று அடுக்கி 90க்கு 120 செ.மீ அளவில் மடியில் போர்த்துக்கொள்ளும் போர்வை ஒன்று வரும். வளர்ந்த ஒருவர் படுத்துப் போர்க்க 8க்கு 12, அதாவது 96 சதுரம் வேண்டும்.

புதிதாய்ச் சேர்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது, "என்ரை பின்னல் வடிவாய் இராதே" என்று. அந்தப் பயம் தேவையில்லை. ஒரு தையல் கொஞ்சம் தளர்ந்தாலும் போர்வைக்குள் போனபிறகு ஒருவருடைய கண்ணுக்கும் படாது. அளவு பிழைத்தால்தான் படும். உங்கள் சதுரம் 15க்குப் பதிலாக 15.8 செ.மீ வந்தால் ஒன்றில் அது பெரிய விஷயமாய்த் தெரியாது. அப்படி ஆறு சதுரத்தை ஒரு வரியில் வைத்தால் அந்த வரி 4.8 செ.மீ கூடிப்போகும், பக்கத்து வரியோடு சேராமல் அலையடித்து நிற்கும். அதனால் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் அளவைப் பற்றியதுதான்.

2016 ஜனவரி 31ஆம் திகதி சென்னையில் "மதர் இந்தியாஸ் குறோசே குயின்ஸ்" என்ற குழு 11,148.5 சதுர மீற்றர் பரப்புள்ள குறோசே போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. அவ்வளவு பெரிய வேலையும் ஆளுக்கு ஆள் பின்னிய துண்டுகளைச் சேர்த்துத்தான் நடந்தது. உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து விறாந்தையில் பத்துப்பேர் இருந்து செய்வதும் அதே முறைதான்.

சேருமுன் கேட்க வேண்டியவை

குழுவை நடத்துபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, போர்வை யாருக்குப் போகிறது என்பது. இதைக் கேட்காமல் நூல் வாங்கவே கூடாது. யாழ்ப்பாணத்தில் மார்கழி, தைக் குளிரிலும் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. இங்குள்ள முதியோர் இல்லத்துக்கு என்றால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் ஓட்டை ஓட்டையான கிறானி சதுரம் போதும், பாரமும் இராது. நுவரெலியாப் பக்கத் தோட்டங்களுக்கு அனுப்புவதென்றால் கதை வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழும் போகும், சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும். அங்கே இடைவெளியில்லாமல் நெருக்கிப் பின்னிய சதுரம்தான் உதவும். கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவுக்கு என்றால் அங்கே இயந்திரத்தில் போட்டுத் துவைத்து இயந்திரத்திலேயே காயவிடுவார்கள். அதைத் தாங்கும் நூல் வேண்டும். கைக்குழந்தைக்கு என்றால் ஓட்டையுள்ள சதுரமே வேண்டாம், சின்ன விரல் சிக்கும். ஒரு வயது நிரம்பாத பிள்ளை தூங்கும்போது தளர்ந்த போர்வையைத் தொட்டிலுக்குள் வைக்கக்கூடாது என்பதையும் போர்வையோடு சேர்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்தது, சதுரம் எத்தனை செ.மீ, அந்த அளவு பொருத்துவதற்கு முன்னா பின்னா, என்ன தடிப்பு நூல், என்ன ஊசி, வால்நூலை (வெட்டியபின் தொங்கும் நூல் முனையை) யார் ஒளிப்பது, எந்தத் திகதிக்குக் கொடுக்க வேண்டும். இதோடு தையற் பெயர்களைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "அக்கா, ட்ரெபிள் என்று எழுதியிருக்கிறது. பிரித்தானிய முறையோ, அமெரிக்க முறையோ?"

இந்தக் கேள்வியைக் கேட்காததால் வீணாகும் சதுரங்கள் மற்றெல்லாப் பிழைகளாலும் வீணாவதை விட அதிகம். எங்கள் பக்கத்தில் பழைய தையல் புத்தகங்களும், பாடசாலையில் மனையியல் படித்தவர்கள் சொல்லும் பெயர்களும் பிரித்தானிய முறை. யூரியூப்பில் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்க முறை. பெயர் ஒன்று, தையல் வேறு. பிரித்தானியர் டபிள் குறோசே என்பதை அமெரிக்கர் சிங்கிள் குறோசே என்பார்கள். பிரித்தானியரின் ட்ரெபிள்தான் அமெரிக்கரின் டபிள் குறோசே. அமெரிக்கரும் ட்ரெபிள் என்று ஒன்றைச் சொல்வார்கள், அது இன்னும் உயரமான தையல். அதைப் பின்னி வைத்தால் உங்கள் சதுரம் மற்றவர்களுடையதை விட நன்றாகப் பெருத்துவிடும். ஒரு குறிப்பில் "சிங்கிள் குறோசே" என்ற சொல் எங்காவது இருந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரித்தானிய முறையில் அந்தப் பெயர் இல்லை. இந்தக் கட்டுரையில் வருவதெல்லாம் பிரித்தானியப் பெயர்கள்.

முதல் தடவைக்கு ஆறு சதுரத்துக்கு மேல் ஏற்காதீர்கள். முதற் சதுரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போகும், பிரித்துப் பிரித்துப் பின்னுவதால். கை பழகியபிறகு ஒன்று ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும். ஆறுக்குச் சம்மதித்து ஆறையும் திகதிக்குக் கொடுப்பவரைத்தான் பொருத்துபவருக்குப் பிடிக்கும்.

நூலும் ஊசியும்

கடையில் "ஊல்" என்று கேட்டால் தருவது அநேகமாக ஆட்டு மயிர்க் கம்பளி அல்ல, அக்கிறிலிக். கூட்டுப் போர்வைக்கு அதுவே நல்லது: விலை குறைவு, துவைக்கலாம், பூச்சி தின்னாது. சந்தேகம் இருந்தால் ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ச் சட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெருப்புக் காட்டிப் பாருங்கள். அக்கிறிலிக் உருகிக் கடின மணிபோல் கட்டியாகும். கம்பளி மயிர் கருகும் மணத்தோடு பொரிந்து சாம்பலாகும். பருத்தி கடதாசி போல் எரியும். ஒரே போர்வையில் இவற்றைக் கலக்கக்கூடாது. துவைத்தால் ஒன்று சுருங்கும், ஒன்று இருந்தபடி இருக்கும், நடுவில் உள்ள தையல் இழுபடும்.

தடிப்பு என்றால் உறையில் "டீ.கே." அல்லது "8 பிளை" என்றிருக்கும் நூல் தொடங்குபவருக்குப் பொருத்தம். அதற்கு 4 மி.மீ ஊசி. 15 செ.மீ கிறானி சதுரம் ஒன்றுக்கு 12 முதல் 15 கிராம் போகும். எப்போதும் 15 என்று கணக்கு வையுங்கள். ஆறு சதுரத்துக்கு 90 கிராம், ஆகவே ஒரு 100 கிராம் உருண்டை உங்கள் பங்குக்குப் போதும். 48 சதுரப் போர்வைக்கு 720 கிராமும், பொருத்தவும் கரை கட்டவும் இன்னொரு 150 கிராமும். குழுவாக 900 கிராம் வாங்கினால் குறையாது. முதற் சதுரம் முடிந்ததும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் உங்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று சரியாகத் தெரியும்.

கரைக்கும் பொருத்தவும் ஆகும் நூலை ஒரே நாளில், ஒரே கடையில், உறையிலுள்ள சாயத் தொகுதி இலக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டும். அதே வெள்ளை என்று இரண்டு மாதம் கழித்து வாங்கியது பக்கத்தில் வைத்தால் மஞ்சளடிக்கும். நவீன சந்தையிலோ சுன்னாகத்திலோ பான்சிக் கடைகளில் உறை கழற்றிய உருண்டைகள் கிடந்தால், அவற்றைச் சதுரத்தின் நடுச் சுற்றுகளுக்கு வாங்கலாம், கரைக்கு வாங்க வேண்டாம். சிவப்பு, கருநீலம், கடும்பச்சை நூல்களைப் பின்னுமுன் சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்துப் பாரம் வைத்து ஓர் இரவு விட்டால் தெரிந்துவிடும். ஒருவருடைய சிவப்பு 47 சதுரத்தையும் கெடுத்துவிடக்கூடும்.

அம்மம்மாவின் தையற் பெட்டியில் மெல்லிய உருக்கு ஊசி இருந்தால் அது மேசை விரிப்புக்கு லேஸ் பின்னிய ஊசி, 1 அல்லது 1.5 மி.மீ தான் வரும். பத்திரமாக வையுங்கள், போர்வைக்கு உதவாது. ஊசியில் மி.மீ எழுதாமல் பழைய பிரித்தானிய இலக்கம் மட்டும் இருந்தால், 8 என்பது 4 மி.மீ, 6 என்பது 5 மி.மீ. இலக்கம் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க ஊசியில் 4 மி.மீக்கு "ஜி", 5 மி.மீக்கு "எச்" என்ற எழுத்து இருக்கும்.

மற்றபடி வேண்டியவை கொஞ்சம்தான். கத்தரிக்கோல், அளவு நாடா, அடையாளத்துக்கு இரண்டு சேப்ரி பின், வால்நூல் ஒளிக்கப் பெரிய காதுள்ள மொட்டை ஊசி. சாக்கூசியை எடுக்காதீர்கள். அதன் கூர் நூலைப் பிளக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, 15க்கு 15 செ.மீ அளவில் தடித்த மட்டையில் வெட்டிய சதுரம் ஒன்று. இதை அளவு மட்டை என்போம். நாடாவை இழுத்துப் பிடித்து அளந்து தன்னைத் தானே ஏமாற்றலாம், மட்டையில் அது நடக்காது.

சதுரத்துக்கு முன் ஒரு பட்டி

நேரே சதுரம் தொடங்க வேண்டாம். 21 சங்கிலி போட்டு (ஊசியிலுள்ள கண்ணிக்குள்ளால் நூலைக் கொளுவி இழுத்தால் ஒரு சங்கிலி), ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 20 டபிள் குறோசே பின்னுங்கள் (ஊசியை உள்ளே விட்டு நூலைக் கொளுவி இழுத்து, மறுபடி கொளுவி இரண்டு கண்ணிக்குள்ளாலும் இழுப்பது). முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி மறுபடி 20. இப்படி 15 வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் வாய்விட்டு எண்ணுங்கள். பட்டி மேலே போகப் போகக் கூம்பி வந்தால், வரியின் கடைசித் தையலை விட்டுவிட்டுத் திரும்புகிறீர்கள். முதற் தையலிலும் கடைசித் தையலிலும் சேப்ரி பின் குத்தி வைத்து, ஒவ்வொரு வரிக்கும் அதை மேலே மாற்றிக்கொண்டு போனால் இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

பன்னவேலை தெரிந்தவர்களுக்கு இந்த இடம் சுலபம். கடகம் இழைக்கும்போது ஓலையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருப்பதுபோல, இதிலும் சுட்டுவிரலுக்கு மேலால் நூல் ஒரே இறுக்கத்தில் ஓடிவர வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. ஓலை இறுகினால் பெட்டி உறுதி, நூல் இறுகினால் அடுத்த வரியில் ஊசி உள்ளே போகாது. நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்று விட்டு, சுட்டுவிரலின் மேலால் எடுத்தால் போதும். பங்குனி, சித்திரை வெக்கையில் கை வியர்த்து அக்கிறிலிக் விரலில் ஒட்டும். ஒட்டினால் இறுகும். கையைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டு, காலையிலோ பின்னேரத்திலோ பின்னுவது நல்லது. மத்தியானம் பின்னியதும் இரவு பின்னியதும் இரண்டு அளவாய் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ட்ரெபிள் தையல்

நூலை ஊசியில் ஒருமுறை சுற்றுங்கள். ஊசியை இடைவெளிக்குள் விட்டு நூலைக் கொளுவி வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் 3 கண்ணி இருக்கும். நூலைக் கொளுவி 2 கண்ணிக்குள்ளால் இழுங்கள், 2 மிஞ்சும். மறுபடி கொளுவி அந்த இரண்டுக்குள்ளாலும் இழுங்கள். ஒன்று மிஞ்சும், தையல் முடிந்தது.

இடைவெளிக்குள்ளிருந்து நூலை வெளியே இழுக்கும் அந்தக் கணத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். சிலர் அந்தக் கண்ணியைத் தாழ விட்டுவிடுவார்கள், சிலர் ஒரு செ.மீ உயரத்துக்குத் தூக்கி இழுப்பார்கள். தையலின் உயரம் அங்கேதான் தீர்மானமாகிறது. ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே குறிப்பு என்று இருந்தும் ஒருவருக்கு 13.5 செ.மீயும் மற்றவருக்கு 16 செ.மீயும் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கண்ணியைக் கீழுள்ள தையலின் தலை மட்டத்திலிருந்து சுமார் அரைச் செ.மீ உயர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள்.

கிறானி சதுரம், ஆறு சுற்று

4 சங்கிலி போட்டு, முதற் சங்கிலிக்குள் ஸ்லிப் தையல் போட்டு (ஊசியை உள்ளே விட்டு நூலைக் கொளுவி, ஊசியிலுள்ள கண்ணிக்குள்ளாலும் ஒரே இழுப்பில் எடுப்பது) வளையமாக்குங்கள்.

முதற் சுற்று: 3 சங்கிலி (இது ஒரு ட்ரெபிளாகக் கணக்கு), வளையத்துக்குள் 2 ட்ரெபிள், 2 சங்கிலி. பிறகு 3 ட்ரெபிள், 2 சங்கிலி என்று மூன்று தடவை. தொடக்கத்து 3 சங்கிலியின் உச்சியில் ஸ்லிப் தையல் போட்டு மூடுங்கள். 3 ட்ரெபிள் சேர்ந்தது ஒரு கூட்டம். நாலு கூட்டம், நாலு மூலை இடைவெளி இருக்க வேண்டும்.

இரண்டாம் சுற்று: வேலையை மறுபக்கம் திருப்புங்கள். கடைசியாகப் போட்ட 2 சங்கிலி மூலை ஊசிக்கு நேரே வந்து நிற்கும். அதற்குள் ஸ்லிப் தையல் போட்டு, 3 சங்கிலி, 2 ட்ரெபிள். இது அரை மூலை. 1 சங்கிலி. அடுத்த மூலைக்குள் 3 ட்ரெபிள், 2 சங்கிலி, 3 ட்ரெபிள். 1 சங்கிலி. இப்படி மூன்று மூலையும் முடித்து, தொடங்கிய மூலைக்குத் திரும்பி 3 ட்ரெபிள், 2 சங்கிலி போட்டு, உச்சியில் ஸ்லிப் தையலால் மூடுங்கள். மூலை நிறைவாகிவிடும்.

மூன்றாம் சுற்றிலிருந்து ஆறாம் சுற்று வரை இதே ஒழுங்குதான். பக்கத்தில் வரும் ஒரு சங்கிலி இடைவெளி ஒவ்வொன்றுக்குள்ளும் 3 ட்ரெபிள் கூட்டம் ஒன்று, கூட்டத்துக்குக் கூட்டம் 1 சங்கிலி, மூலையில் மட்டும் இரண்டு கூட்டமும் நடுவில் 2 சங்கிலியும்.

சரிபார்க்க ஒரு கணக்கு உண்டு, எந்தச் சுற்றிலும் பிழைக்காது: சுற்றின் இலக்கத்தை நாலால் பெருக்கினால் கூட்டங்களின் எண்ணிக்கை. ஆறாம் சுற்றில் 24 கூட்டம், 72 ட்ரெபிள், பக்கத்துக்கு ஆறு. எண்ணிப் பார்த்து 23 வந்தால் ஒரு இடைவெளியைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அந்தச் சுற்றைப் பிரியுங்கள். அடுத்த சுற்றில் ஒன்றைக் கூட்டிச் சமாளிப்போம் என்றால் சதுரம் ஒரு பக்கம் இழுபடும்.

சுற்றுக்குச் சுற்று திருப்புவது வீண் வேலை அல்ல. திருப்பாமல் ஒரே முகத்தில் பின்னிக்கொண்டு போனால் சதுரம் மெல்ல மெல்ல ஒரு பக்கமாய் முறுகி, மூலைகள் சாயும். இடக்கைக்காரர் திருப்பாமல் பின்னினால் எதிர்ப்பக்கம் சாயும். குழுவில் திருப்புபவரும் திருப்பாதவரும் கலந்தால் பொருத்தும்போது தெரியும், ஆதலால் முதலிலேயே ஒரு முடிவுக்கு வரவேண்டும். எங்கள் எண்ணம், எல்லாரும் திருப்புவது.

சதுரம் கிண்ணம்போல் குழிந்தால் கை இறுக்கம், அல்லது மூலையில் 2 சங்கிலிக்குப் பதில் 1 போட்டிருக்கிறீர்கள். ஓரம் அப்பளம்போல் நெளிந்தால் பக்கத்தில் சங்கிலி கூடிவிட்டது. மூன்று மூலைதான் இருக்கிறது என்றால் ஒரு மூலையைச் சாதாரண இடைவெளி என்று நினைத்துத் தாண்டிவிட்டீர்கள். நிறம் மாற்ற வேண்டுமென்றால் சுற்று முடிவில் வெட்டி, புது நூலை வேறொரு மூலையில் தொடங்குங்கள். எல்லா முடிச்சும் ஒரே மூலையில் சேர்ந்தால் அந்த மூலை தடிக்கும்.

மட்டையில் வைத்துப் பார்ப்பது

முதற் சதுரத்தை இழுக்காமல் மட்டையின் மேல் வையுங்கள். நாலு பக்கமும் 3 மி.மீக்குள் நின்றால் போதும். பெரிதாயிருந்தால் 3.5 மி.மீ ஊசிக்கு மாறுங்கள், சிறிதென்றால் 4.5. வேண்டுமென்றே கையை இறுக்கியோ தளர்த்தியோ அளவைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். இரண்டு சதுரத்துக்கு நிற்கும், மூன்றாவதில் கை தன் பழக்கத்துக்குப் போய்விடும். "4 மி.மீ தான் பாவிக்க வேண்டும் என்று சொன்னவை" என்று ஊசியை மாற்றத் தயங்குபவர்களும் உண்டு. குறிப்பில் ஊசி அளவு ஒரு வழிகாட்டல். அளவு மட்டைதான் சட்டம்.

முதற் சதுரத்தைக் குழுவுக்குக் கொடுக்காமல் உங்களிடமே வைத்திருங்கள். மற்ற ஐந்தையும் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசியில் அதையும் மற்றவற்றின் அளவுக்குத் திருத்திப் பின்னிக் கொடுங்கள்.

சின்ன வித்தியாசத்தை நனைத்துச் சரிசெய்யலாம். குளிர்ந்த நீரில் நனைத்து, பிழியாமல் துவாய்க்குள் சுருட்டி அமர்த்தி, றெஜிபோம் மட்டையில் 15 செ.மீ கோடு கீறி, துருப்பிடிக்காத குண்டூசியால் மூலைகளையும் பக்க நடுக்களையும் குத்தி நிழலில் காயவிடுங்கள். சாதாரண குண்டூசி உப்புக் காற்றில் துருவேறி நூலில் மஞ்சள் புள்ளி விடும். அக்கிறிலிக்கின் மேல் சூடான அயன்பெட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். நூல் உருகித் தட்டையாகிப் பளபளக்கும், பிறகு அது திரும்பாது. இந்த முறையால் 5 மி.மீ வரைதான் சரிக்கட்டலாம். ஒரு செ.மீ பிழைத்த சதுரத்தை இழுத்துக் குத்தினால் முதல் துவைப்பில் பழைய அளவுக்கே போய்விடும்.

வால்நூல்

பொருத்துபவர்கள் கோபிக்கும் விஷயம் ஒன்றென்றால் இதுதான். மூன்று நிறத்தில் பின்னிய ஒரு சதுரத்தில் ஆறு வால்நூல் தொங்கும். 48 சதுரத்தில் 288. எல்லாரும் "அவ பார்த்துக்கொள்ளுவா" என்று விட்டால், ஒரு மனுஷி இரண்டு கிழமை இருந்து நூல் ஒளிக்க வேண்டும்.

வெட்டும்போது 15 செ.மீ விட்டு வெட்டுங்கள். மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறக் கூட்டங்களின் அடிக்குள்ளால் 4 செ.மீ ஓட்டி, ஒரு தையலைத் தாண்டித் திரும்பி எதிர்த்திசையில் 4 செ.மீ, இன்னொரு முறை திசைமாற்றி 2 செ.மீ. ஒரே திசையில் மட்டும் ஓட்டினால் துவைக்கும்போது உருவிக்கொண்டு வரும். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது அதைவிட மோசம், அக்கிறிலிக் வழுக்கும். கடைசிச் சுற்றின் வாலை மட்டும் 60 செ.மீ விடச் சொல்லும் குழுக்கள் உண்டு, அதைக்கொண்டே பொருத்துவதற்கு. கேட்டு நடவுங்கள்.

கொடுக்கும்போது ஆறையும் ஒன்றன்மேலொன்று அடுக்கி, மூலைகள் சேர்கின்றனவா என்று பார்த்து, உங்கள் பெயரும் ஊசி அளவும் எழுதிய துண்டோடு பையில் போடுங்கள். ஏதாவது பிரிந்தால் அதே ஊசியில் திருத்தலாம். வலிகாமத்தில் முற்றத்துச் செம்மண் தூசி வெள்ளை நூலில் ஏறினால் இலேசில் போகாது. பின்னும்போதும் மடியில் ஒரு பழைய வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். செய்ய முடியாமற் போனால் நூலை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்காதீர்கள். மிஞ்சிய நூலோடு நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் வேறொருவர் முடிப்பார்.

குறோசே வராமல் இரண்டு ஊசிப் பின்னல்தான் தெரியுமென்றால் அதுவும் சேர்க்கலாம், குழு சம்மதித்தால். 4 மி.மீ ஊசியில் 33 கண்ணி ஏற்றி, எல்லா வரியும் ஒரே நேர்த்தையலாய் 66 வரி பின்னினால் 15 செ.மீக்குக் கிட்ட வரும். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம் சரியாக விழ வேண்டும். ஆனால் பின்னல் சதுரமும் குறோசே சதுரமும் இழுபடும் அளவு வேறு. ஒரே போர்வையில் இரண்டையும் கலக்காமல் தனித்தனிப் போர்வையாக வைப்பது நல்லது.

பொருத்தும் நாள்

புதியவர்களும் கட்டாயம் போக வேண்டிய நாள் இது. மற்றவர்களின் சதுரத்தோடு உங்களுடையது எப்படி நிற்கிறதென்று அங்கேதான் விளங்கும். பாயை விரித்து எல்லாவற்றையும் அடுக்கி, கதிரையில் ஏறிநின்று மேலிருந்து கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறம் ஓரிடத்தில் குவிந்திருப்பது தரையில் இருந்து பார்க்கும்போது தெரியாது, படத்தில் தெரியும். அளவில் கொஞ்சம் பெரியவற்றையும் சிறியவற்றையும் ஒரு வரிக்குள் கலந்து வைத்தால் ஒன்றையொன்று ஈடுசெய்யும்.

6க்கு 8 போர்வையில் குறுக்கே 7 கோடு, நெடுக்கே 5 கோடு. முதலில் குறுக்குக் கோடுகள் ஏழையும் ஒவ்வொன்றாய் முழு அகலத்துக்கும் தைத்துவிட்டு, பிறகு நெடுக்குக் கோடுகளுக்குப் போங்கள். சதுரம் சதுரமாய்ச் சுற்றிச் சுற்றித் தைத்தால் நூல் வெட்டி வெட்டி வால் பெருகும். இரண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே வர வைத்து, தையல் தலையின் வெளிக்கண்ணிகளை மட்டும் பிடித்துக் கைத்தையல் போட்டால் கோடு தட்டையாய் நிற்கும். இழுத்து இறுக்க வேண்டாம், போர்வைக்கு இழுபடும் தன்மை வேண்டும். நாலு மூலை சந்திக்கும் இடத்தில் ஓட்டை விழும். அங்கே ஒரு தையலைக் குறுக்காகப் போட்டுக் கடந்தால் மூடிவிடும். கடைசியில் சுற்றிவர மூன்று சுற்று டபிள் குறோசே, மூலையில் ஒரே இடத்தில் 3 தையல். சின்னச் சின்ன அளவுப் பிழைகளை இந்தக் கரைதான் இழுத்துப் பிடிக்கும்.

கொடுக்குமுன் ஒருமுறை துவையுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவதால் வன்னீர். கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளைப் படையாய் நூலில் ஒட்டி, போர்வை விறைக்கும். திரவச் சலவைச் சவர்க்காரம் கொஞ்சமாய்ப் பாவித்து, கடைசி அலசலுக்கு ஒரு வாளிக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விடுங்கள். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதுவே மேல். ஈரப் போர்வை ஒரு பெரிய பாரம். கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தால் ஒரு பக்கம் நீண்டுவிடும். நிழலில் பாய் விரித்து, சதுரங்களைக் கையால் நேராக்கி, தட்டையாய்க் காயவிட்டு, மறுநாள் மற்றப் பக்கம் திருப்பிப் போடுங்கள்.